பாதி உள்ளே, பாதி வெளியே

1957 பிப்ரவரி 25 அன்று பாரிஸ் நகரில் ஒரு மனிதரின் செவிநரம்பின் மேல் சிறிய மின்சுருள் ஒன்று பொருத்தப்பட்டது. காது எலும்பை அரிக்கும் நோய்க்காக அவருக்கு இரண்டு காதுகளிலும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கேட்கும் திறன் முழுவதும் போய்விட்டது, முகநரம்பும் செயலிழந்துவிட்டது. முகநரம்பைச் சீர்செய்ய முன்வந்த அறுவை மருத்துவர் ஷார்ல் எய்ரியஸ், திறந்த காதுக்குள் அந்தச் சுருளையும் வைத்தார். அதைச் செய்து கொடுத்தவர் ஆந்த்ரே ஜூர்னோ என்ற உடலியல் அறிஞர். மின்சாரம் பாய்ந்தபோது நோயாளிக்குச் சில்வண்டு கத்துவது போன்ற ஓசை கேட்டது. பேச்சுப் பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு எளிய சொற்களைப் பிரித்தறியவும் முடிந்தது. சில வாரங்களில் சுருள் பழுதானது. இரண்டாவது சுருள் வைத்தார்கள், அதுவும் பழுதானது. மூன்றாவது முறை வைக்க எய்ரியஸ் மறுத்துவிட்டார். இருவரின் கூட்டுழைப்பும் அதோடு முறிந்தது.

செவிநரம்புக்கு மின்சாரத்தால் ஒலியூட்டும் முயற்சியின் தொடக்கமாக இந்த நிகழ்ச்சி நூல்களில் இடம்பெறுகிறது. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் என் மனம் நிற்பது அந்த நோயாளியிடம். அவர் செவித்திறனை ஒருமுறை நோயால் இழந்தார். பிறகு கருவி பழுதாகி இரண்டு முறை இழந்தார். நரம்போடு பிணைக்கப்படும் எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும் இந்த இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும். பொருத்தும் நாள் ஒன்றுதான். அதற்குப் பிறகு வரும் நாட்கள் ஒரு முழு ஆயுள்.

அந்த முயற்சியின் வழிவந்ததே இன்று நாம் காக்ளியர் இம்பிளாண்ட் என்று அழைக்கும் கருவி. நரம்பு மண்டலத்தோடு நேரடியாகப் பேசும் கருவிகளில் உலகில் மிகப் பரவலாக வெற்றி கண்டது இதுவே. இதுவரை பொருத்தப்பட்டவை பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்பது மதிப்பீடு. தமிழ்நாட்டில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைக் குழந்தைகளுக்கும் இது கிடைக்கிறது.

கருவியின் வேலை புரிய வேண்டுமானால் காதின் வேலை தெரிய வேண்டும். உட்காதில் காக்ளியா என்ற பகுதி நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கிறது. அதனுள் ஒலியை உணரும் உள் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500 வரிசையாக நிற்கின்றன. கீச்சென்ற ஒலிகள் வாயிலருகே உள்ள செல்களையும், கனத்த ஒலிகள் சுருளின் உச்சியில் உள்ள செல்களையும் தூண்டுகின்றன. ஆர்மோனியக் கட்டைகளைச் சுருட்டி வைத்ததுபோல், எந்தச் சுருதிக்கு எந்த இடம் என்பது அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிறவிக் காது கேளாமையில் பெரும்பாலும் கெட்டிருப்பவை இந்த மயிர்ச்செல்கள்தாம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் செவிநரம்பு பிழைத்திருக்கிறது. காது மெஷின் ஒலியைப் பெரிதாக்குகிறது. கேட்க வேண்டிய செல்களே இல்லாதபோது எவ்வளவு பெரிதாக்கியும் பயனில்லை. அந்தச் செல்களைத் தாண்டி, நரம்பையே மின்துடிப்பால் தூண்டுவதுதான் காக்ளியர் இம்பிளாண்ட் செய்யும் வேலை.

லாஸ் ஏஞ்சல்ஸில் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ் 1961-இல் இந்த முயற்சியைக் கையில் எடுத்தார். ஒரே மின்முனை கொண்ட அவரது வகைக் கருவிக்கு 1984-இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. அதன் வழியே ஓசையை உணர முடிந்தது, உதட்டசைவைப் படிப்பதற்குத் துணை கிடைத்தது. பேச்சைப் பேச்சாகக் கேட்பது பெரும்பாலோருக்குக் கைகூடவில்லை. வியன்னாவில் இங்கபோர்க், எர்வின் ஹோக்மயர் தம்பதியர் உருவாக்கிய பல மின்முனைக் கருவி 1977 டிசம்பரில் பொருத்தப்பட்டது. மெல்போர்னில் கிரேம் கிளார்க் தம் கருவியை 1978 ஆகஸ்ட் 1 அன்று பொருத்தினார்.

கிளார்க்கின் தந்தை காது கேளாதவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை நடத்தியவர். வாடிக்கையாளர் சொல்வது கேட்காமல் தந்தை பட்ட சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த மகன் காது மருத்துவரானார். அவருக்கு எதிர்ப்பட்ட பெரிய தடைகளுள் ஒன்று, மின்முனைகள் கோத்த கம்பியை நத்தைச் சுருளுக்குள் காயப்படுத்தாமல் எப்படி நுழைப்பது என்பது. 1977-இல் கடற்கரையில் விடுமுறையில் இருந்தபோது ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல் இதழைச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்து வளைந்துகொடுத்து, அடி சற்று விறைப்பாக இருந்த புல் சுற்றோடு சுற்றாக உள்ளே போயிற்று. அவருடைய மின்முனைக் கம்பி அந்தத் தன்மையிலேயே செய்யப்பட்டது.

இந்த வரிசையில் அடுத்த பெயர் பொறியாளர் பிளேக் வில்சன். பல மின்முனைகள் ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்ச்சினால் உட்காதின் திரவத்தில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் பேசுவதுபோல, மின்முனைகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் மிக விரைவாகத் துடிக்கச் செய்யும் முறையை அவரது குழு 1991-இல் வெளியிட்டது. கருவி அணிந்தவர்கள் உதட்டைப் பார்க்காமலே பேச்சைப் புரிந்துகொள்வதில் பெரிய முன்னேற்றம் கண்டது அதற்குப் பிறகுதான். 2013-இல் கிளார்க், இங்கபோர்க் ஹோக்மயர், வில்சன் மூவருக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு, 3,500 மயிர்ச்செல்களின் இடத்தில் இன்றைய கருவியில் இருப்பவை 12 முதல் 22 மின்முனைகள். இது எப்படிப் போதுகிறது? 1995-இல் ராபர்ட் ஷானன் குழுவினர் காது நன்றாகக் கேட்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பேச்சின் நுண்ணிய சுருதி விவரங்களை எல்லாம் அழித்து, ஏற்ற இறக்கத்தை மட்டும் சில அகலமான பட்டைகளில் இரைச்சலாக மாற்றித் தந்தார்கள். மூன்று நான்கு பட்டைகளே இருந்தும், அமைதியான அறையில் கேட்டவர்கள் பேச்சைப் புரிந்துகொண்டார்கள். ஆக, கருவி தருவது ஒரு கோட்டோவியம். அதில் முகத்தைக் கண்டுகொள்வது மூளை. அதனால்தான் இந்தச் சிகிச்சையின் வெற்றி, அறுவைக் கூடத்தைவிட அதிகமாக மூளையின் வயதையும் பழக்கத்தையும் சார்ந்திருக்கிறது.

தமிழுக்கு இந்தக் கோட்டோவியம் எப்படிப் பொருந்தும் என்பது என்னை நீண்ட நாளாக ஈர்க்கும் கேள்வி. கருவி நேர அளவுகளை நன்றாகக் கடத்துகிறது. நுண்ணிய அலைவெண் வேறுபாடுகளை மங்கலாக்குகிறது. நம் மொழியில் குறில், நெடில் வேறுபாடு பெரும்பாலும் நேரத்தில் நிற்பது. கல்லும் காலும், படமும் பாடமும், எடுவும் ஏடும் கருவி வழியே பிரிந்து கேட்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இரட்டிக்கும் மெய்களும் அப்படியே. பட்டத்துக்கும் படத்துக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் காலத்தால் அமைந்தது. சிக்கல் எழுவது லகர, ளகர, ழகரத்திலும் னகர, ணகரத்திலும். நாக்கு எவ்வளவு மடிகிறது என்பதே இவற்றின் வேறுபாடு. அது ஒலியில் நெருக்கமான அலைவெண் மேடுகளின் சிறு நகர்வாகத்தான் தெரிகிறது. மனமும் மணமும், பல்லியும் பள்ளியும் கருவிக்குக் கடினமான இணைகளாகவே இருக்கும். உதட்டைப் பார்த்தும் பயனில்லை, வேறுபாடு முழுவதும் வாய்க்குள் இருக்கிறது. வாக்கியத்தின் பொருளைக் கொண்டுதான் குழந்தை இவற்றைப் பிரிக்கக் கற்க வேண்டும். ஆகவே தமிழ்க் குழந்தைக்கான கேட்புப் பயிற்சி தமிழின் ஒலிகளை வைத்தே திட்டமிடப்பட வேண்டும். வேற்றுமொழிச் சொற்பட்டியலை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

வயதைப் பற்றிய கண்டுபிடிப்பு கடுமையானது. மூளை ஆய்வாளர் அனு சர்மாவும் அவரது குழுவினரும், பிறவியிலேயே காது கேளாமல் பிறகு கருவி பெற்ற குழந்தைகளின் மூளை ஒலிக்கு எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுகிறது என்பதை அளந்தார்கள். சுமார் மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களின் மூளை மற்றக் குழந்தைகளின் வேகத்தை எட்டிவிடுகிறது. ஏழு வயதைத் தாண்டிப் பெற்றவர்களில் பெரும்பாலோரின் மூளை எட்டுவதில்லை. ஒலி வந்து சேராத மூளைப்பகுதி சும்மா காத்திருப்பதில்லை. பார்வை போன்ற மற்றப் புலன்களுக்கு உழைக்கத் தொடங்கிவிடுகிறது. பச்சிளங்குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குதல் என்ற வரம்பை வல்லுநர்கள் வகுத்திருப்பது இதனால்தான். முதல்நிலைச் சோதனை தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிவது. "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் சொல்லிக் கடத்தும் இரண்டு ஆண்டுகளுக்கு விலை, மூளை இழக்கும் அந்த வாய்ப்பு. நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருகிறது என்பதால், நம் மாநிலத்தில் இந்தச் சோதனைக்கு இருமடங்கு அவசியம் உண்டு.

இனி, தலைப்புக்கு வருகிறேன். இந்தக் கருவி இரண்டு பாதிகளால் ஆனது. தோலுக்கு அடியில், காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி இருப்பது உள்பாதி: ஏற்பி, காந்தம், மின்முனைக் கம்பி. காதில் மாட்டுவது வெளிப்பாதி: ஒலிவாங்கி, புராசஸர், பேட்டரி, கேபிள், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில். உள்பாதியில் பேட்டரி கிடையாது. ஒலிச் செய்தியையும் அதை இயக்கும் மின்சக்தியையும் வெளிப்பாதிதான் தோலைத் தாண்டி ரேடியோ அலையால் அனுப்புகிறது. தோலைத் துளைத்துக் கம்பி வந்தால் தொற்று வரும் என்பதாலும், மீண்டும் அறுக்காமல் வெளிப்பாதியை மட்டும் புதுப்பிக்கலாம் என்பதாலும் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு இது. இதிலேயே குழந்தையின் கதியும் அடங்கியிருக்கிறது. கேபிள் அறுந்தால் அந்த நொடியே முழு மௌனம். அறுவை சிகிச்சைக்கு முன் அந்தக் காதில் மிச்சமிருந்த சிறிதளவு இயற்கைச் செவித்திறனும் பெரும்பாலும் போயிருக்கும் என்பதால், பழைய காது மெஷினுக்குத் திரும்பும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

உள்பாதிக்கு நிறுவனங்கள் பொதுவாகப் பத்து ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. வெளிப்பாதிக்குக் கிடைப்பது சில ஆண்டுகளே. அதை அணிந்திருப்பது ஓடி ஆடி வியர்க்கும் குழந்தை. சென்னையின் புழுக்கமும் கடலோரக் காற்றும் நுண்மின்னணுப் பொருளுக்கு எதிரிகள். இரவில் ஈரம் உறிஞ்சும் குளிகைகள் போட்ட டப்பாவில் கருவியை வைத்து எடுக்கத் தாய்மார்கள் பழகுகிறார்கள். அப்படியும் கேபிள் போகும், காயில் போகும். கேபிளுக்குச் சில ஆயிரம் ரூபாய், புதிய புராசஸருக்குச் சில லட்சம். அதோடு மேப்பிங்: ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் குழந்தைக்குக் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவுக்கு மேல் போனால் துன்புறுத்துகிறது என்று ஆடியாலஜிஸ்ட் அளந்து அமைப்பது. முதல் ஆண்டில் இது பலமுறை, பிறகும் காலமெல்லாம் அவ்வப்போது. கூடவே ஆண்டுக்கணக்கில் ஸ்பீச் தெரபி. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூலி வேலை செய்யும் ஒரு தாய் இதற்காக நகரத்துக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். பேருந்துச் செலவைவிட, விடுபட்ட நாள்கூலிதான் அவளைத் தடுக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிறு வயதுக் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சையை ஏற்றுக்கொண்டது பெரிய செயல். ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும் ஒரு கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்பட்டது. பணம் படைத்தவர் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த உலகம் தினக்கூலிக்காரர் பிள்ளைக்கும் கேட்கத் தொடங்கியது. இதைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் காப்பீடு என்ற வடிவமே ஒரு நிகழ்வுக்குப் பணம் தருவதற்காகச் செய்யப்பட்டது. குடல்வால் அறுவை சிகிச்சைக்கு அது பொருந்தும், முடிந்தால் முடிந்தது. காக்ளியர் இம்பிளாண்ட் அப்படி முடிவதில்லை. மூன்று வயதில் கருவி பெறும் பெண்குழந்தைக்கு எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது என்று கொண்டால், அவளுக்கு வேண்டியது ஒரு கருவிக்கும் பல புராசஸர்களுக்கும் எண்ணற்ற கேபிள்களுக்குமான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை யார் தருவார் என்ற கேள்வியை அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் நடந்தது சாட்சி. செகண்ட் சைட் என்ற நிறுவனம் ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையைச் செய்தது. விழித்திரை படிப்படியாக அழியும் பரம்பரை நோயால் பார்வை இழந்தவர்களின் கண்ணுக்குள் 60 மின்முனைகள், கண்ணாடியில் கேமரா, இடுப்பில் செயலி. இதுவும் பாதி உள்ளே, பாதி வெளியே. 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். கதவின் விளிம்பும் நடைபாதையின் கோடும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிந்தன. 2019-இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020 மார்ச்சில் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. வெளிப்பாதி பழுதானவர்களுக்கு உதிரிபாகம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. மூளையில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்த ஒருவருக்கு, கண்ணில் இந்தக் கருவியோடு எடுப்பது பாதுகாப்பா என்று பதில் சொல்ல நிறுவனத்தில் யாரும் கிடைக்கவில்லை. ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் 2022-இல் இதை விரிவாக வெளிக்கொண்டு வந்தது. கைவிடப்பட்ட கருவி இன்னும் பலரின் கண்ணுக்குள் கிடக்கிறது. எடுப்பதற்கும் ஆபத்தான அறுவை சிகிச்சை வேண்டும்.

வலிப்பு வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவியை மெல்போர்னில் 15 பேருக்குப் பொருத்தி ஆராய்ந்தார்கள். 2013-இல் முடிவுகள் வெளியாயின. கருவி செய்த நியூரோவிஸ்டா நிறுவனத்திடம் பணம் தீர்ந்துபோனது, கருவிகள் அகற்றப்பட்டன. எச்சரிக்கை ஒளியை நம்பி அச்சமின்றி வெளியே போய்வரப் பழகிய ஒரு பெண் அதைக் கொடுக்க மனமில்லாமல் போராடினார். கருவியோடு தாம் வேறு மனிதராகிவிட்டதாகவும், அதை எடுத்தபோது தம்மிலேயே ஒரு பகுதியை எடுத்துவிட்டதாகவும் அவர் பிறகு ஆய்வாளர்களிடம் விவரித்தார். மற்ற மருத்துவக் கருவிகளிலிருந்து நரம்புக் கருவி வேறுபடும் இடம் இதுதான். மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிறகு அதைத் திரும்பப் பெறுவது ஊன்றுகோலைத் திரும்பப் பெறுவதைப் போன்றதாகாது.

பார்கின்சன் நோயின் நடுக்கத்துக்குப் பிரான்சின் கிரனோபிளில் அலிம் லூயி பெனபித் 1987-இல் தொடங்கி வைத்த ஆழ்மூளைத் தூண்டலிலும் இதே கணக்குத்தான். மார்புத் தோலுக்கடியில் வைக்கும் சாதாரண வகை பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். 2024-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயால் பேச்சு குழறிப்போன ஒருவரின் மூளையில் 256 மின்முனைகளை வைத்து, அவர் பேச முயன்ற சொற்களை 97 விழுக்காடு சரியாகத் திரையில் எழுத வைத்தார்கள். நோய்க்கு முந்தைய அவரது குரலிலேயே கணினி அவற்றைப் படித்தது. கண்கலங்க வைக்கும் சாதனை. ஆய்வுக்காலம் முடிந்த பிறகும் அந்தக் குரல் அவரிடம் இருக்குமா என்பதே இத்தகைய ஆய்வுகள் அனைத்துக்கும் முன்னால் நிற்கும் கேள்வி.

மீண்டும் காதுக்கு வருவோம். காது கேளாதோர் சமூகம் இந்தக் கருவியைத் தொடக்கத்திலிருந்தே ஐயத்தோடு பார்த்தது. அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம் 1991-இல் குழந்தைகளுக்கு இதைப் பொருத்துவதைக் கண்டித்தது. 2000-இல் நிலைப்பாட்டைத் தளர்த்தியது. சைகைமொழியும் ஒரு முழுமொழி, அதைப் பேசுவோர் நோயாளிகள் அல்லர் என்ற அவர்களின் வாதத்தை நான் ஏற்கிறேன். கருவி வேண்டாம் என்ற முடிவை ஏற்கவில்லை. ஆனால் நம் ஊரில் நடக்கும் வேறொரு தவறை அவர்கள்தான் சரியாகச் சுட்டுகிறார்கள். கருவி பொருத்திய குழந்தைக்குச் சைகை காட்டினால் பேச்சு வராது என்று பயந்து, பெற்றோர் சைகைமொழியை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பேச்சு சரியாக வராமல் போய், ஆறாவது வயதில் புராசஸரும் பழுதானால், அந்தக் குழந்தை எந்த மொழியும் இல்லாமல் நிற்கும். பிறவிக் காது கேளாமையில் நேரக்கூடிய மிகப் பெரிய கேடு அந்த மொழியின்மைதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியைத் தொடர்பு வழியாக ஏற்றிருக்கிறது. தில்லியில் இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் இயங்குகிறது. கருவி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் சைகைமொழியையும் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு. பேட்டரி தீராத மொழி அது.

என்ன செய்யலாம்? உலகச் சந்தையின் பெரும்பகுதி ஆஸ்திரேலிய, ஆஸ்திரிய, சுவிஸ் நிறுவனங்கள் மூன்றின் கையில் இருக்கிறது. மொத்தமாக வாங்கும் மாநில அரசுக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. அதை முதல் விலையைக் குறைக்க மட்டும் செலவிடாமல், இருபது ஆண்டுக்கு உதிரிபாகம், நிர்ணயித்த விலையில் புராசஸர் மாற்று, நிறுவனம் விலகினால் தொழில்நுட்ப விவரங்களை ஒப்படைத்தல் என்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மேப்பிங்கைத் தொலைவிலிருந்து இணையம் வழியே செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஒரு கணினியும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் கிராமத்துத் தாயின் பயணம் பாதியாகும். பயிற்சிக்கு வரும் நாளுக்குக் கூலி இழப்பீடு தர வேண்டும். இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் செலவிட்ட கருவி அலமாரியில் கிடக்கும்.

இத்தனை குழந்தைகளுக்குக் கருவி பொருத்தினோம் என்ற எண்ணிக்கை அரசின் செய்திக்குறிப்புகளில் வருகிறது. அதே வரியில் இன்னும் இரண்டு எண்களை வெளியிடும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்: ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களில் எத்தனை பேர் கருவியை நாள்தோறும் அணிகிறார்கள், எத்தனை பேரின் கருவி இன்று பழுதாகிக் கிடக்கிறது.